கொழுந்தனார் நாய்க்குப் பச்சைக்கறி போட்ட கதை

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்த காலமெல்லாம், காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு கட்டிலாகப் போய் நான் கேட்கும் முதல் கேள்வி "மோஷன் போச்சா?" என்பதுதான். போனது என்றால் எப்படிப் போனது, தண்ணியாகவா, கட்டியாகவா, சளி கலந்ததா, இரத்தம் உண்டா என்று அடுத்தடுத்துக் கேட்பேன். பதில் சொல்ல முடியாதவர்களுக்கு நானே பெட்பேனைத் தூக்கிப் பார்த்துக்கொள்வேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, அருவருக்கவும் ஒன்றுமில்லை. சம்பளத்துக்குச் செய்த வேலை. ஓய்வு பெற்ற அன்று எனக்கிருந்த பெரிய நிம்மதி, இனி யாருடைய மலத்தைப் பற்றியும் நான் விசாரிக்க வேண்டியதில்லை என்பதுதான்.

அந்த நிம்மதி நெடுநாள் நிலைக்கவில்லை. ஒருநாள் காலை ராகி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். என் கொழுந்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி, சமையலறை வாசலில் வந்து நின்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். திரை முழுக்க அவருடைய நாய் போட்ட மலம். சிமெண்டுத் தரையில், நல்ல வெளிச்சத்தில், தன் நிழல் விழாதபடி பார்த்து எடுத்த படம்.

"டெக்ஸ்ச்சர் பாருங்க அண்ணி" என்றார்.

என் கையில் இருந்த மாவும் அதுவும் ஒரே நிறத்தில் இருந்தன. மாவை அப்படியே தட்டால் மூடிவிட்டு, இன்றைக்குக் கடையில் இட்லி வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டிக்குப் பக்கம். ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடுகள். பின்னால் இருக்கும் ஓட்டு வீடு எங்களுடையது. முன்னால் இருக்கும் மாடி வீடு கொழுந்தனாருடையது. அவர் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். கொரோனாவின்போது ஊருக்கு வந்தவர், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டதால் இங்கேயே தங்கிவிட்டார். அவர் மனைவி, என் ஓரகத்தி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை தேடிக்கொண்டாள். கூடவே ஒரு லேப்ரடார் நாயும் காரில் வந்து இறங்கியது. வெளுத்த மஞ்சள் நிறம், பெரிய தலை, எதைக் கண்டாலும் வாலாட்டும் சுபாவம். அதற்கு அவர் வைத்திருந்த ஆங்கிலப் பெயர் என் வாயில் நுழையவில்லை. நான் "டேய்" என்பேன், அது வரும்.

வந்த புதிதில் அது பாக்கெட்டில் விற்கும் உருண்டைத் தீனிதான் தின்றது. ஊரடங்கில் அது கிடைக்காமல் போனதும் எங்களோடு சேர்ந்து களி, கறிக்குழம்பு ஊற்றிய சோறு, மோர்சோறு என்று எல்லாம் தின்னப் பழகிக்கொண்டது. நன்றாகவும் இருந்தது. அதன் மலம் அப்போது எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வரவில்லை. வயிறு சரியாக இருக்கும் ஜீவனைப் பற்றி யாரும் அதைக் கேட்பதில்லை.

பிறகு கொழுந்தனார் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். நாய் என்பது ஓநாயின் வம்சம், ஓநாய் அடுப்பு மூட்டிச் சமைப்பதில்லை, ஆகவே நாய்க்கு வேகவைத்த உணவு கொடுப்பது பாவம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நாய்களுக்குப் பச்சைக்கறி போடுகிறவர்களுக்கென்றே ஒரு வாட்ஸாப் குழு இருந்தது. அதில் போய்ச் சேர்ந்துகொண்டார். அங்கே கோயம்புத்தூரில் ஒருவர், துபாயில் ஒருவர், இன்னும் எங்கெங்கோ இருந்தவர்கள் எல்லாரும் காலையில் எழுந்ததும் தத்தம் நாய்களின் மலத்தைப் படமெடுத்துப் போட்டு ஒருவருக்கொருவர் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். படித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள். இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று என் பழைய சிநேகிதிகளிடம்கூட நான் சொல்லவில்லை.

ஓநாய் கதையை அவர் என் வீட்டுக்காரருக்கும் ஒரு சாயங்காலம் முழுக்க விளக்கினார். ஓநாய் ஏசி போட்ட அறையில் மெத்தைமேல் படுத்துக்கொண்டு, இடி இடித்தால் கட்டிலுக்கடியில் ஒளியுமா என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை. என் வீட்டுக்காரர், தக்காளிக்கு மருந்தடிக்க ஆள் வருகிறது என்று சொல்லி நழுவிவிட்டார்.

மறுநாளே பாப்பாரப்பட்டி கோழிக்கடையிலிருந்து கழுத்து, கால், ஈரல், இரைப்பை எல்லாம் வந்து இறங்கின. நேற்றுவரை சோறு தின்ற வயிறு. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம் என்ற எண்ணம்கூட அவருக்கு இல்லை. ஒரு பெரிய பேசினில் கொட்டி வைத்தார். நாய்க்கா கசக்கும்? கடிக்காமலேயே விழுங்கி, பேசினை நக்கி, அதைத் தள்ளிக்கொண்டே மதில்வரை போனது. அவர் அதை வீடியோ எடுத்துக் குழுவுக்கு அனுப்பினார். வாழ்த்துகள் வந்து குவிந்ததாகச் சொன்னார்.

அடுத்த நாள் விடிந்தபோது அவர் வீட்டு முன்வாசல் முழுக்கப் பேதி. ஈரல் அதிகமானதால் தார் போல் கறுத்து, மேலே சளி படர்ந்து, வாசற்படியிலிருந்து கார்வரை ஒழுகியிருந்தது. நாய் கூனிக்கொண்டு மதிலோரம் நின்றது. என் ஓரகத்தி பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கெட்டும் விளக்குமாறுமாகக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர், அவள் கழுவுவதற்கு முன்பு ஒவ்வொன்றையும் குனிந்து குனிந்து படமெடுத்துக்கொண்டிருந்தார். "இரு, இதை எடுத்துக்கறன், அப்பறம் தண்ணி ஊத்து" என்று அவளை நிறுத்தியதை நான் என் காதால் கேட்டேன்.

ஒரு வேளை பட்டினி போட்டு, பிறகு கொஞ்சம் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி கொடுக்கச் சொன்னேன். மனிதர்களுக்கும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சின்னக் குழந்தை தெரியாமல் ஏதோ உளறுகிறது என்று பார்க்கிற பார்வை.

"இது பேதி இல்லீங்க அண்ணி. உள்ள இருக்கற நச்செல்லாம் கழியுது. ட்ரான்சிஷன். அரிசிதான் நாய்க்கு விசம்."

அரிசிச் சோற்றில் வளர்ந்து, அரிசிச் சோற்றில் படித்து, அரிசிச் சோற்றில் வேலைக்குப் போன மனிதர். அவர் அப்பா இரண்டு போகம் நெல் நட்டுத்தான் அவரைக் கல்லூரிக்கு அனுப்பினார். நான் திரும்பி வந்துவிட்டேன். நாய் அந்த வாரம் முழுக்க மெலிந்தது.

ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும். ஒரு வாரத்துக்குமேல் போனதும் பேதி நின்றது. ஈரலைக் குறைத்து, எலும்போடு கூடிய கறியை அதிகமாக்கியிருந்தார். மலம் சின்னதாக, கட்டியாக வர ஆரம்பித்தது. நாளுக்கு ஒருமுறை, சில நாள் அதுவும் இல்லை. முன்பிருந்த நாற்றமும் குறைந்துவிட்டது. நானே பார்த்தேன், பார்க்காமல் இருக்க அவர் விடவில்லை. அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒரு குச்சியால் அதை உடைத்து, உள்ளே எப்படி உதிர்கிறது என்று காட்டினார். முகர்ந்தும் பார்த்தார். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு என் மாமனாரின் நினைவு வந்தது. வந்தது என்ன, அது எப்போதும் உள்ளே கிடந்ததுதான்.

என் மாமனார் பக்கவாதத்தில் விழுந்து கடைசிவரை படுக்கையில் கிடந்தார். பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரி டியூட்டி முடித்து வந்து நான்தான் அவரைப் புரட்டிப்போட்டு, துடைத்து, துணி மாற்றினேன். படுத்தே கிடப்பவர்களுக்கு மலம் கட்டிக்கொள்ளும். எனிமாவுக்கும் வராதபோது கையுறை போட்டுக்கொண்டு விரலால்தான் எடுக்கவேண்டும். அவர் கண்ணில் தண்ணீர் வரும். மருமகள் கையால் இப்படி ஆகவேண்டியிருக்கிறதே என்ற தண்ணீர். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ஏதாவது ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்வேன்.

கொழுந்தனார் சனிக்கிழமை பெங்களூரிலிருந்து காரில் வருவார். வாசற்படியில் நின்று கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொள்வார். படி தாண்டி உள்ளே வந்ததில்லை. அப்பாவைப் பார்த்துவிட்டு, "நல்லா பாத்துக்கறீங்க அண்ணி" என்பார். விழுங்கக்கூட முடியாத மனிதருக்கு ஒரு கூடை ஆப்பிள் வைத்துவிட்டுப் போவார். ஒருமுறை தூக்கி உட்காரவைக்க ஒரு கை பிடியுங்கள் என்று கூப்பிட்டேன். பாதி தூக்கும்போதே மாமனாருக்கு மலம் போய்விட்டது. இவர் கையை விட்டுவிட்டு வெளியே ஓடி, பைப்படியில் நின்று முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். அவர் கையில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை.

அந்தக் கைதான் இப்போது குச்சியைப் பிடித்துக்கொண்டு நாயின் மலத்தை உடைத்துக் காட்டியது. நான் குனியவில்லை. குளிக்க வெந்நீர் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அதன்பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. நல்லம்பள்ளியில் எங்கள் சொந்தக்காரப் பெண்ணுக்குப் புதுநன்மை விருந்து, தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கியதற்கு. பூசை முடிந்து எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். பிரியாணி பரிமாறிக்கொண்டு வந்தார்கள். இவர் பக்கத்து இலைக்காரரிடம், நாயின் மலம் எந்த அளவு ஈரமாக இருக்கவேண்டும், எடுத்தால் தரையில் ஒட்டலாமா கூடாதா என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய மனிதர் கொஞ்சநேரம் தலையாட்டிக் கேட்டார். பிறகு தால்சா ஊற்ற வந்தவனைக் கையால் தடுத்து, இலையை மூடி எழுந்துவிட்டார். கொழுந்தனாருக்கு அது உறைக்கவே இல்லை. இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கோழியை அவர் வெட்டியது அவர்கள் வீட்டுச் சமையலறைப் பலகையில்தான். அதே பலகையில்தான் ஓரகத்தி காய் நறுக்குவாள். பச்சைக்கறியில் என்னென்ன கிருமி இருக்கும், அது நாயைவிட மனிதர்களைத்தான் முதலில் பிடிக்கும், தனிப் பலகை, தனிக் கத்தி வையுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று நான் சொன்னேன். அதற்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. நாம் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருப்பதால்தான் நமக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை என்றார். அப்பாவின் அறை வாசலில் கர்ச்சீப்போடு நின்றவர் சொன்னது இது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓரகத்தி பின்பக்க வழியாக வேகமாக வந்தாள். ஈரல் வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் அரிந்து தின்றிருக்கிறார். காலையிலிருந்து பாத்ரூமை விட்டு வெளியே வரவில்லையாம். ஓஆர்எஸ் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். உதடு காய்ந்திருந்தது. நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"எப்பிடிப் போவுதுங்க தம்பி, தண்ணியாவா, சளி கலந்தா?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அதெல்லாம் எதுக்குங்க அண்ணி. மாத்திர மட்டும் குடுங்க."

"ரத்தம் கிது இருக்குதான்னு பாக்கணும்."

"நான் பாக்கலீங்க" என்றார், மிகவும் சின்னக் குரலில்.

அந்தப் படம் எந்தக் குழுவிலும் வரவில்லை. நான் உப்புச் சர்க்கரை நீரைக் கலக்கி ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாளில் தேறிவிட்டார். தேறியதும், நச்சுக் கழிந்தது என்று தன்னைப் பற்றியும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஹோட்டல் சாப்பாடு சேரவில்லை என்றார். அந்த வாரம் அவர் ஹோட்டல் பக்கமே போகவில்லை.

அதன்பிறகு ஓரகத்தி தன் சமையலறைக்குள் பச்சைக்கறி வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அவர் வராந்தாவில் ஒரு தனி ஃப்ரீசர் வாங்கி வைத்தார். கோழியை விட்டுவிட்டு ஆட்டுக்குப் போனார். காரிமங்கலம் சந்தைக்குப் போய்க் கால், முதுகெலும்பு, விலா என்று சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். அப்போது தவக்காலம். எங்கள் இரண்டு வீட்டிலும் கறி சமைப்பதில்லை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு ஜெபப்புத்தகத்தோடு கிளம்பும்போது வராந்தாவில் ஆட்டுக்கால்கள் உருகிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்த பங்குச் சாமியார் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

எலும்பு தின்றால் மலம் இறுகும் என்று குழுவில் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான். கொஞ்சம் எலும்புக்கே இவ்வளவு இறுகினால் நிறைய எலும்புக்கு எவ்வளவு நன்றாக இறுகும் என்று இவர் கணக்குப் போட்டுக்கொண்டார். கறி குறைந்து எலும்பு மட்டுமே மிஞ்சியது. நாயின் மலம் வெள்ளையாகச் சுண்ணாம்புக்கட்டி போல் வந்தது. மிதித்தால் மாவாக உதிர்ந்தது. அவர் அதைத்தான் உச்சம் என்று நினைத்தார். நாய் உட்கார்ந்து முக்கிக்கொண்டே அரைவட்டம் அடித்து நகர்ந்ததை அவர் கவனிக்கவில்லை. அவர் கவனித்ததெல்லாம் அதன் பின்னால் என்ன விழுகிறது என்பதைத்தான்.

பிறகு அதுவும் விழவில்லை. நாய் இங்கே உட்காரும், முக்கும், எழுந்து வேறிடம் போகும், மறுபடி முக்கும். ஒருமுறை வலியில் கத்தியது. அடுத்த நாள் முக்கியபோது பழுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் மட்டும் வடிந்தது. அதைப் பார்த்து கொழுந்தனார், மறுபடி பேதி ஆகிவிட்டது, இறுக்குவதற்கு இன்னும் எலும்பு போடவேண்டும் என்று முடிவு செய்தார்.

நான் என் வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழுப்புத் தண்ணீர் எனக்கு நன்றாகத் தெரியும். நேராக அவரிடம் போனேன்.

"அது பேதி இல்ல தம்பி. உள்ள கல்லு மாதிரி அடைச்சிருக்குது. அதச் சுத்திக்கிட்டு தண்ணி கசியுது. இன்னும் எலும்பு போட்டீங்கன்னா செத்துப்போவும்."

"குரூப்ல கேட்டுட்டன்ங்க அண்ணி. போன் பர்சென்டேஜ், அதாவது எலும்போட அளவ ஏத்தச் சொல்றாங்க."

"குரூப்புல எவனாச்சும் இங்க வந்து இதோட வயித்தத் தொட்டுப் பாத்தானா?"

அவர் ஃப்ரீசரைத் திறந்து ஒரு முதுகெலும்புத் துண்டை எடுத்துப் போட்டார். நாய் அதை முகர்ந்து பார்த்தது, வாலை ஒருமுறை ஆட்டியது. அவர் சொல்கிறாரே என்று கடித்துப் பாதியைத் தின்றது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை நாய் எழுந்திருக்கவில்லை. மஞ்சளாக வாந்தி எடுத்திருந்தது. வயிறு தட்டினால் சத்தம் வரும்படி விறைத்திருந்தது. அவர் திண்டாடிப்போய், போனில் யாருக்கோ விடாமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். என் ஓரகத்தி பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, கார்ச் சாவியை எடுத்து வந்து பின்கதவைத் திறந்தாள். நானும் அவளுமாக நாயை ஒரு பழைய போர்வையில் வைத்துத் தூக்கினோம். தர்மபுரிக்கு அவள்தான் ஓட்டினாள். அவர் முன்சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தர்மபுரியில் நாங்கள் போன கிளினிக்கில் இருந்தவர் வயது குறைந்த ஒரு பெண் டாக்டர். நாயின் வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். என்ன தின்றது என்று கேட்டார். கொழுந்தனார் ஓநாயிலிருந்து ஆரம்பித்தார். டாக்டர் பாதியிலேயே நாயை எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோய்விட்டார். படத்தைத் திரையில் போட்டபோது, குடலின் கடைசிப் பகுதி முழுக்க வெள்ளையாக, ரோடு போடக் கொட்டிய ஜல்லியைப் போல் நிரம்பியிருந்தது. துண்டு துண்டாக எலும்பின் முனைகள் தெரிந்தன.

முதலில் டிரிப்ஸ் ஏற்றவேண்டும், பிறகு மயக்கம் கொடுத்து எனிமா வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கவேண்டும், வராவிட்டால் வயிற்றைத் திறக்கவேண்டிவரும் என்றார் டாக்டர். பின்கால்களைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றும் சொன்னார். கொழுந்தனாரைத்தான் பார்த்தார். அவரும் வந்தார். டியூபைச் செருகி முதல் தண்ணீர் திரும்பி வந்ததும், அந்த நாற்றத்தில் அவர் முகம் வெளிறியது. கர்ச்சீப்பைத் தேடிப் பாக்கெட்டில் கை விட்டார். அது கிடைப்பதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். தினம் காலையில் அதையே படமெடுத்தவர், குச்சியால் உடைத்தவர், முகர்ந்து பார்த்தவர்.

நான் புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு, அங்கிருந்த கையுறையை மாட்டிக்கொண்டு கால்களைப் பிடித்தேன். ஓரகத்தி நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நெடுநேரம் பிடித்தது. முதலில் பழுப்புத் தண்ணீர், பிறகு சிமெண்டுக் கலவை போல, பிறகு எலும்புச் சில்லுகள். சிலவற்றில் இரத்தம் ஒட்டியிருந்தது. டாக்டர் பொறுமையாகத் தண்ணீர் விடுவதும், வயிற்றை நீவுவதும், விரலால் எடுப்பதுமாக இருந்தார். நடுவில் ஒருமுறை என் கையைப் பார்த்துவிட்டு, "நீங்க மெடிக்கல்ங்களாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன்பிறகு நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. எப்போது அழுத்தவேண்டும், எப்போது விடவேண்டும் என்பது மட்டும்தான். கடைசியில் வயிறு தளர்ந்தது. அறுவைக்கு அவசியம் இருக்காது என்று டாக்டர் சொன்னபோது ஓரகத்தி நாயின் காதில் முகத்தை வைத்து அழுதாள்.

கை கழுவிவிட்டு வெளியே வந்தேன். கொழுந்தனார் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"மோஷன் போச்சுங்களா அண்ணி?"

போய்விட்டது என்றேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரிடம் ஒருபோதும் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

"உங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் அடைச்சிக்கும். வாரத்துல பாதி நாளு நான் விரல் வுட்டுத்தான் எடுப்பன். நீங்க வாசப்படி தாண்டி வரல தம்பி."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் வரும் என்று நினைத்தேன். கோபமாவது வரும் என்று நினைத்தேன்.

"அப்ப எனக்கு இதப்பத்தி ஒன்னுமே தெரியாதுங்க அண்ணி" என்றார். "இவ்ளோ விசயம் இருக்குதுன்னு தெரிஞ்சிருந்தா நானும் இன்ட்ரஸ்ட் எடுத்திருப்பன்."

கிண்டலாகச் சொல்லவில்லை. மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. திட்டுவதற்கும் எதிரே ஒரு ஆள் இருக்கவேண்டும். எழுந்து ஓரகத்திக்கு டீ வாங்கப் போனேன்.

நாயை டாக்டர் சில நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார். சோறு, வேகவைத்த கோழி, வேகவைத்த பூசணிக்காய் கொஞ்சம் என்று சொல்லியிருந்தார். ஓரகத்திதான் சமைத்தாள். ஃப்ரீசரில் மிச்சமிருந்த எலும்பையெல்லாம் என் வீட்டுக்காரர் தோட்டத்தின் கடைசியில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார். முதலில் கூழாக, பிறகு பதமாக, பிறகு எந்த நாயும் போடுவதைப் போல நாய் போட ஆரம்பித்தது. நான் பார்க்கவில்லை. ஓரகத்தி சொன்னாள்.

கொழுந்தனார் குழுவில் நடந்ததை எழுதினாராம். அவ்வளவுதான், எல்லாரும் அவர்மேல் பாய்ந்துவிட்டார்கள். பச்சைக்கறிமேல் தப்பே இல்லை, நீதான் எலும்பை அளவு தெரியாமல் போட்டாய், குழுவின் பெயரைக் கெடுக்கிறாய் என்று துபாய்க்காரர் எழுதினார். எலும்பை ஏற்றச் சொன்னவரும் அவரேதான். இவர் எதிர்த்துக் கேட்டதும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். நாய் சாகக் கிடந்தபோதுகூட அவர் அப்படி உடைந்துபோய் நான் பார்க்கவில்லை. இரண்டு வேளை சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் போய், யாரென்றே தெரியாதவர்களுக்காக ஏன்டா இப்படி என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்தார்.

அந்தத் துக்கமும் சீக்கிரமே தீர்ந்தது. நாய்களுக்கு வீட்டிலேயே சமைத்துப் போடுகிறவர்களின் குழு ஒன்று அவருக்குக் கிடைத்துவிட்டது. இப்போது பச்சைக்கறி போடுகிறவர்கள் எல்லாம் அறிவில்லாதவர்கள். பூசணியில் இருக்கும் நார்ச்சத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. சோறு நாய்க்கு மிகவும் நல்லது என்று என்னிடமே விளக்கினார். அந்தக் குழுவின் ஆன்லைன் கூட்டத்தில், பழைய நர்ஸ் என்ற முறையில் நான் செரிமானத்தைப் பற்றிக் கொஞ்சநேரம் பேசவேண்டும் என்று போன வாரம் கேட்க வந்தார். என்னால் முடியாது என்றேன். ஏன் என்றார். விருப்பமில்லை என்றேன்.

அவர் என்னை உண்மையான இரக்கத்தோடு பார்த்தார்.

"உங்களுக்கு இதுல ஆர்வமே இல்லீங்களே அண்ணி. இத்தன வருசம் ஆஸ்பத்திரில அப்ப என்னதான் பாத்தீங்க?"

நாய் என் வாசற்படியில் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் வால் நசுங்காதபடி பார்த்து நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.